மஞ்சுஸ்ரீ பிரதி எடுத்த சுவர்கள்
(பார்க்கப் பழகும் கண் – 6)

வரையத் தொடங்குமுன் பிடித்த படங்கள், நிறங்கள், துணித் துண்டுகள், எழுத்து வடிவங்களை ஒரே பலகையில் ஒட்டிப் பார்ப்பதை மூட் போர்ட் என்கிறோம். அந்தப் பலகை இன்று திரைக்குள் வந்துவிட்டது. 2010இல் பின்டரெஸ்ட் வந்தபின் ஒரே மாலையில் நூறு படம் சேர்த்துவிடலாம். அந்த நூறில் எத்தனையை நாம் உண்மையில் பார்த்தோம் என்பதுதான் என் கவலை.

எல். ரி. பி. மஞ்சுஸ்ரீயை இந்த வாரம் எழுத எடுத்தது அதனால்தான். 1902இல் பிறந்தவர், பௌத்த துறவியாக இருந்து பின்னர் துறவு நீங்கியவர், 1943இல் கொழும்பில் உருவான '43 குழு' ஓவியர்களில் ஒருவர். விகாரை விகாரையாகப் போய்ச் சுவரோவியங்களைக் கையால் பிரதி எடுத்தார். கதைக் காட்சிகளோடு நிற்கவில்லை. ஓரத்தில் ஓடும் கொடி, இடைவெளியை நிரப்பும் பூ என்று அலங்காரக் கூறுகளையும் தனியே பிரித்து வரைந்தார். அவை 1977இல் நூலாக வந்தன. 1979இல் ரமொன் மக்சேசே விருது கிடைத்தது. இத்தனை பிரதி எடுத்தவரின் சொந்த ஓவியங்களோ முற்றிலும் நவீனமானவை.

ஒரு கொடியை வரைந்த கைக்கு அது எங்கே வளைகிறது, தூரிகை எங்கே அழுந்தியது என்று தெரியும். 'சேமி' பொத்தானைத் தட்டிய விரலுக்குத் தெரியாது. ஆகவே பலகையில் ஒரு படம் வைத்தால், அதில் உங்களை இழுத்த பகுதியைக் கையால் வரைந்து, அதையும் படமெடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இடம், திகதி, செய்தவர் பெயர் மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள்.

படங்களை அடிக்கடி இடம் மாற்றவும் வேண்டும். ஜெர்மன் கலை வரலாற்றாளர் அபி வார்பர்க் 1920களில் கறுப்புத் துணி போர்த்திய பலகைகளில் புகைப்படங்களைக் குத்தி, மாற்றி மாற்றி அடுக்கினார். 1929இல் அவர் இறந்தபோது 63 பலகைகள் இருந்தன. பக்கத்தில் எது இருக்கிறதோ, அதைப் பொறுத்து ஒரு படம் வேறு விதமாகத் தெரியும்.

எங்கே சேகரிப்பது? கொழும்பின் பாமன்கடைச் சந்தியிலேயே தொடங்குங்கள். கால்வாயின் மழைக்காலப் பச்சை, மயூரபதி அம்மன் கோயில் வண்ணங்கள், வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளின் கண்ணாடிகள் எல்லாம் நடை தூரத்தில். எனக்கு மிகவும் பிடித்தவை பஸ் முகப்புகளும் கடைப் பெயர்ப்பலகைகளும். சிங்களத்தின் வட்டங்களுக்குக் கீழே தமிழ் எழுத்து நீண்டுபோய், இடம் போதாமல் ஒடுங்கி நிற்கும். அந்த ஒடுக்கத்தைக் கையால் எழுதிய ஓவியர் எப்படிச் சமாளித்தார், எந்த எழுத்தைச் சாய்த்தார், எதைச் சிறிதாக்கினார் என்று நின்று பாருங்கள். எழுத்துரு வடிவமைக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மஞ்சுஸ்ரீ பிரதி எடுத்த ஓவியங்களில் பல இன்று சுவரில் இல்லை. கையால் எழுதிய பலகைகளும் அச்சடித்த பதாகைகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டே போகின்றன. உங்கள் பலகையில் முதலில் அவற்றுக்கு இடம் கொடுங்கள்.

அடுத்த வாரம்: சேர்த்த படங்களிலிருந்து ஐந்து நிறங்களைப் பிரித்தெடுப்பது.