கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்!

மணிமுத்தாறு அணைக்கரையில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கிருந்து பஸ் ஏறி மாஞ்சோலை போனால் ஸ்வெட்டர் தேடுவீர்கள். ஒரே கம்ப்யூட்டர் மேலே ஜாலியாக ஓடும், கீழே திணறும். 'ஓவர்க்ளாக்' பண்ணும் தம்பிகள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஓவர்க்ளாக் என்றால், ப்ராசஸரைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் விரட்டுவது. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-யை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காலரைத் தூக்கிவிட்டவர்கள் ஏராளம். ஓசியில் ஒன்றரை மடங்கு வேகம் கிடைத்தால் சும்மாவா! ஆனால் வேகத்தோடு சூடும் ஏறும். வோல்டேஜையும் ஏற்றினால்... கேட்கவே வேண்டாம்.

2001-ல் 'டாம்ஸ் ஹார்ட்வேர்' ஆசாமிகள் ஓடும்போதே ஹீட்சிங்க்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துப் பிழைத்தது. ஏஎம்டி அத்லான் புகைந்தே போனது! இன்றைய சிப்கள் உஷார். பல இன்டெல் சிப்கள் 100 டிகிரியை ஒட்டித் தாமே மெதுவாகிவிடும். அப்புறம் ஓவர்க்ளாக் எதற்காம்?

ஃபேன் ஊதுவது அறைக் காற்றைத்தான். 20 டிகிரி அறையில் 70 காட்டும் ப்ராசஸர், 38 டிகிரி அறையில் 88-ஐத் தொடும். ஆபீஸில் ஏ.ஸி. உண்டு, வீட்டில்? எனவே ஐப்பசி மழையில் டெஸ்ட் பண்ணிவிட்டு 'பாஸ்' என்று குதிக்காதீர்கள். கோடை மத்தியானத்தில், ஃபுல் லோடில் அரை மணி ஓடவிட்டு, 'கோர் டெம்ப்' மாதிரி இலவச சாஃப்ட்வேரில் பாருங்கள். 80-க்குள் நின்றால் நிம்மதி. 90-ஐ நெருங்கினால், முதலில் வோல்டேஜை இறக்குங்கள். அதற்கும் முன்னால், ஃபேன் றெக்கையில் அப்பியிருக்கும் தூசியைத் தட்டுங்கள் சார். காசில்லாமலே சில டிகிரி இறங்கும்.