திசை சொல்லும் வானம் – 9: விநாடிக்கு 50 பிட்

இடத்தைக் கணக்கிட நான்கு செயற்கைக்கோள்கள் எதற்கு என்பதைச் சென்ற வாரமே பார்த்தாயிற்று. நான்காவது, கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்துவதற்கு. அது நினைவிருந்தால் போதும்.

இந்த வாரம் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் பெட்டிக்கு வருவோம். காலையில் வண்டியைக் கிளப்பியதும் திரையில் ‘செயற்கைக்கோள்களைத் தேடுகிறது’ என்று வரும். ஓரத்துப் பட்டைகள் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். இரண்டு திருப்பம், ஒரு மேம்பாலம் தாண்டியும் அதே வாசகம்தான். சட்டைப்பையில் இருக்கும் போனோ இரண்டே விநாடியில் நீலப் புள்ளியைக் காட்டிவிடுகிறது. பெட்டி செத்துவிட்டது என்று முடிவுகட்டிக் கழற்றிப் போடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது சாகவில்லை. மிக மெதுவாகப் பேசும் ஒருவரின் சொல்லுக்காகக் காத்திருக்கிறது.

எவ்வளவு மெதுவாக? ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தன் செய்தியை அனுப்பும் வேகம் விநாடிக்கு 50 பிட். கிலோபிட் அல்ல, வெறும் பிட். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்லி வரும் 100 கிலோபைட் படம் ஒன்றை இந்த வேகத்தில் இறக்கினால் ஏறத்தாழ நாலரை மணி நேரம் பிடிக்கும். முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரி 22 அன்று ஏவப்பட்டது. சாதாரண கருவிகள் கேட்கும் அந்த அடிப்படைச் செய்தி இன்றும் அதே 50 பிட் வேகத்தில்தான் வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பரணில் கிடந்த பழைய பெட்டிக்கும் இன்றைய வானம் புரிகிறது.

இந்த நிதானத்துக்குக் காரணம் தூரம். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் அலை தரையைத் தொடும்போது, கருவியின் சொந்த மின் இரைச்சலைவிடவும் பலவீனமாகிவிடுகிறது. ஒவ்வொரு பிட்டும் 20 மில்லிவிநாடி நீடிக்கும். அதற்குள் 1,023 துண்டுகள் கொண்ட ஒரு சங்கேத வரிசை 20 முறை திரும்பத் திரும்ப ஒலிக்கும். அந்த இருபதையும் கூட்டித்தான் ‘இது ஒன்றா, பூஜ்யமா’ என்று கருவி முடிவுக்கு வருகிறது. சந்தைக்கடைச் சத்தத்தில் ஒரே பெயரை இருபது தடவை கூப்பிட்டுக் காதில் விழவைப்பது போன்ற வேலை. இதை யோசித்துச் செய்தவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

செய்தியில் இரண்டு வகை உண்டு. ஒன்று அல்மனாக், அதாவது பஞ்சாங்கம். எல்லாச் செயற்கைக்கோள்களும் உத்தேசமாக எங்கே இருக்கும் என்ற பட்டியல். 25 தவணையாக வரும் இதை முழுதாகக் கேட்டு முடிக்க 12.5 நிமிடம் ஆகும். இன்னொன்று எஃபெமெரிஸ். அந்த ஒரு செயற்கைக்கோள் இப்போது துல்லியமாக எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. 30 விநாடிக்கு ஒருமுறை வரும். அதில் 18 விநாடி இதற்கே போகும். இதன் ஆயுள் சுமார் நான்கு மணி நேரம். சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பினால் உடனே வழி தெரிவதும், இரவு முழுக்க நிறுத்திய வண்டி காலையில் திணறுவதும் இதனால்தான்.

ஓடும் வண்டியில் இது இன்னும் மோசம். அந்த 18 விநாடிக் குறிப்பின் ஆறு விநாடித் துண்டு ஒன்று பாதி வந்திருக்கும்போது மேம்பாலமோ உயர்ந்த கட்டடமோ மறைத்தால், அந்தத் துண்டில் கேட்டதெல்லாம் வீண். அடுத்த சுற்றுக்கு 30 விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த பாலம் வந்துவிடும். போனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே குறிப்புகளை அது இணையத்தில் வாங்கிக்கொள்கிறது. டாம்டாம் நிறுவனமும் தன் பெட்டிகளுக்குச் சில நாட்களுக்கான குறிப்புகளைக் கணினி வழியாக ஏற்றும் ‘குவிக்ஜிபிஎஸ்ஃபிக்ஸ்’ வசதியைக் கொடுத்தது. அதே நிறுவனத்தின் பெட்டிகள் பல 2012 மார்ச் 31 அன்று திடீரென இடம் தெரியாமல் நின்றுபோயின. அது லீப் ஆண்டு. வெளி நிறுவனம் ஒன்று செய்துகொடுத்த ஜிபிஎஸ் ரிசீவர் மென்பொருளில் நாள்காட்டிப் பிழை. வானம் சரியாகத்தான் இருந்தது.

கருவிக்கு வெளியேயும் எதிரிகள் உண்டு. 2001-இல் கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் மாஸ் லேண்டிங் என்ற சிறு துறைமுகத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாமல் போனது. மான்டரேயில் இருக்கும் கடற்படை உயர்கல்வி நிறுவனத்தார் திசை காட்டும் ஆண்டெனாக்களோடு தேடினார்கள். அகப்பட்டது உளவுக் கருவியல்ல, படகுகளில் இருந்த டிவி ஆண்டெனாக்கள். அவற்றின் ஆம்ப்ளிஃபையர்கள் ஜிபிஎஸ் அலைவரிசையில் தாங்களே இரைந்துகொண்டிருந்தன. அதுவும் ஒன்றல்ல, மூன்று.

காரில் இந்த வேலையைச் செய்வது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் மலிவு சார்ஜரும் டேஷ்கேமும். சோதிப்பது சுலபம். திரையில் சிக்னல் பட்டைகளைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் பட்டை எழும்புகிறதோ, அதுதான் குற்றவாளி.

அடுத்த சந்தேகம் கண்ணாடி. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடி, ஜிபிஎஸ் அலையையும் சேர்த்தே தடுக்கும். இப்படிப்பட்ட கண்ணாடிகள் பலவற்றில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், கறுப்புப் புள்ளிகள் போட்ட இடத்தில் பூச்சு இருக்காது. பெட்டியை அங்கே நகர்த்திப் பார்க்கலாம். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் அடிக்கடி படிக்காமல் போகிற வண்டி என்றால், இந்தச் சந்தேகம் வலுக்கிறது.

தினமும் காலையில் பல நிமிடம் தேடுகிற பழைய பெட்டியென்றால், உள்ளே நேரத்தையும் குறிப்புகளையும் காக்கும் சிறு பேட்டரி ஓய்ந்திருக்கலாம். துபாயிலிருந்து பயணப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த கருவி சென்னையில் திணறுவது வேறு கதை. பழைய கருவிகள் கடைசியாகத் தெரிந்த இடத்தை நம்பி, துபாய் வானத்தில் தெரியும் செயற்கைக்கோள்களையே முதலில் தேடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மரமும் மாடியும் மறைக்காத ஒரு மைதானத்தில் வண்டியை நிறுத்தி, கருவியை மட்டும் இயக்கி, 15 நிமிடம் அசையாமல் விட்டுவிடுங்கள். பஞ்சாங்கம் முழுதாக இறங்க 12.5 நிமிடம், மிச்சம் எச்சரிக்கைக்கு. அதற்கும் மசியாவிட்டால் மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

வேண்டுமென்றே ஜிபிஎஸ்ஸை அடைக்கும் ஜாமர்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தது. 50 பிட்டே இடத்தைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தின் தரையிறங்கு உதவிக் கருவியை ஜாமரால் குழப்பிய ஒரு பிக்கப் வண்டி ஓட்டுநருக்கு 2013-இல் 31,875 டாலர் அபராதம் முன்மொழியப்பட்டது. அந்தக் கதை அடுத்த வாரம்.