உங்கள் இலக்கு யார் காதுக்குப் போக வேண்டும்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களில் பலர் ஏதாவது ஒரு சேமிப்புக் குழுவிலோ கடன் குழுவிலோ இருக்கிறார்கள். சிலர் இரண்டு மூன்று குழுக்களில் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் வீட்டு வாசலில் கூடி உட்கார்ந்து, தனக்கு என்ன வேண்டும் என்பதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மகளின் காலேஜ் ஃபீஸ், அடகில் இருக்கும் நகை, மாடியில் ஒரு ரூம், வீட்டிலேயே போட்டுக்கொள்ள ஒரு தையல் மெஷின். சொன்னது தீர்மான நோட்டில் ஏறும். அடுத்த கூட்டத்தில் "என்னக்கா, ஃபீஸ் கட்டிட்டியா?" என்று கேட்க ஆள் இருக்கும்.

நாலு பேர் அறியச் சொன்னால்தான் செய்து முடிப்போம் என்ற நம்பிக்கை குழுவுக்கு வெளியேயும் இருக்கிறது. இனிக் குடிக்க மாட்டேன் என்று சாமி முன்னால் ஊரறிய மாலை போட்டுக்கொள்பவர் உண்டு. 'இந்த வருஷம் குரூப் ஃபோர் பாஸ் பண்ணியே தீருவேன்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கும் தம்பி உண்டு. இந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் சொன்ன சொல் யார் கைக்குப் போகிறது என்று பார்க்காவிட்டால், உதவிக்கு என்று சொன்னதே பிறகு கழுத்தைப் பிடிக்கும். அப்படிப் பிடிப்பதற்குச் சட்டத்தில் யாருக்கும் அனுமதி இல்லை. அதைத் தெரியப்படுத்தத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உண்மைப் பக்கம். பக்கத்துக் கர்நாடகத்தில் 60 கிராமங்களில் எமிலி பிரெசா, அருண் சந்திரசேகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அது 2019-ல் வெளியானது. ஆறு மாதத்தில் இவ்வளவு சேமிப்பேன் என்று ஒவ்வொருவரும் ஒரு தொகையைக் குறித்துக்கொண்டார்கள். சிலருக்கு மட்டும் அதே ஊரைச் சேர்ந்த ஒருவர் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். சேமிப்பு எந்த அளவில் இருக்கிறது என்ற விவரம் அவருக்கு அவ்வப்போது போகும், அவ்வளவுதான். அபராதம் கிடையாது, தண்டனை கிடையாது. அப்படி ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மொத்தச் சேமிப்பு சுமார் 35 சதவீதம் கூடியது. ஊரில் பலரோடும் தொடர்புள்ள, மதிப்புள்ள ஆள் கண்காணிப்பாளராக அமைந்த இடத்தில் பலன் இன்னும் அதிகம். ஆய்வு முடிந்து 15 மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: அங்கே கண்காணித்தது ஊர்க்கூட்டம் அல்ல, ஒரே ஓர் ஆள். தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் சிறு வியாபாரிகளைக் குழுவாக உட்காரவைத்துச் சேமிப்பு இலக்கை எல்லோர் முன்னும் அறிவிக்கச் சொன்ன ஆய்வும் உண்டு. அங்கேயும் பணம் போடுவது பல மடங்கு கூடியது. பிறகு கூட்டமே இல்லாமல், ஃபோனில் குறுஞ்செய்தி வழியாக மட்டும் நிலவரத்தைச் சொல்லி நினைவூட்டிப் பார்த்தார்கள். அதற்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. நினைவூட்டவும் கேட்கவும் ஒருவர் இருந்தால் போதும், பலர் முன்னால் தலைகுனிய வேண்டிய அவசியமில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தான் இன்னாராக ஆகப்போகிறேன் என்ற எண்ணத்தை மற்றவர் அறிந்து அங்கீகரித்துவிட்டால், அதற்காக உழைக்கும் நேரம் குறைகிறது என்று கண்டார்கள். பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிடுவதால், பாதி ஆகிவிட்டதுபோல மனசு நினைத்துக்கொள்கிறது. ஸ்டேட்டஸுக்கு ஐம்பது பேர் 'வாழ்த்துகள்' போட்டபின் புத்தகத்தைத் திறக்கச் சோம்பல் வருவதற்குக் காரணம் இதுதான். 'மாதம் இரண்டாயிரம் போடுவேன், நீ மாதக் கடைசியில் என்னைக் கேள்' என்று ஒருவரிடம் சொல்வது வேறு, 'வீடு கட்டிக் காட்டுவேன்' என்று தெருவுக்கே சொல்வது வேறு.

இப்போது ஆபத்துக்கு வருவோம். நம் பகுதியில் 'குழு' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு அமைப்புகள் நடக்கின்றன. ஒன்று மகளிர் சுய உதவிக் குழு. 1989-ல் தருமபுரியில் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கி, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மூலம் மாநிலம் முழுக்கப் பரவியது அது. அதில் முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். பணம் உறுப்பினர்களுடையது, தீர்மானமும் அவர்களுடையது. இன்னொன்று மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் சேர்க்கும் கூட்டுப் பொறுப்புக் குழு, ஊர்வழக்கில் 'வார லோன்', 'குழு லோன்'. அதில் பணம் கம்பெனியுடையது. சென்டர் மீட்டிங் நடத்துவது கம்பெனி ஆள். அங்கே நீங்கள் சொல்லும் இலக்கு, வீட்டுக்காரர் சம்பளம், பிள்ளை படிக்கும் ஸ்கூல் எல்லாமே பிறகு வசூலுக்குப் பயன்படக்கூடிய தகவல். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மனம்திறந்து பேச வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும்முன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தவணைக்கும் நீங்கள் பொறுப்பேற்கிறீர்களா என்பதைப் படிக்கச்சொல்லிக் கேளுங்கள்.

தவணை தவறும்போதுதான் கூட்டத்தின் முகம் மாறுகிறது. 'பணம் வர்ற வரைக்கும் யாரும் எழுந்து போகக்கூடாது' என்று எல்லோரையும் உட்காரவைப்பது, கூடப்பிறந்தவர்கள் போலப் பழகியவர்களையே வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது, ஷூ கம்பெனி கேட்டில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது. 'பொண்ணு படிப்புக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லித்தானே வாங்கினே?' என்ற கேள்வி அந்த இடத்தில் அடிபோல விழும்.

ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 14 அன்று வெளியிட்டு, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மைக்ரோ ஃபைனான்ஸ் விதிகள் இவற்றை நேராகவே தடுக்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுக்கும் கடனுக்கு இவை பொருந்தும். கடன் வாங்கியவரின் பெயரை வெளியிடக்கூடாது. உறவினர், நண்பர், கூட வேலை செய்பவர் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. மிரட்டலோ வசவோ கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் ஃபோன் செய்யக்கூடாது. வசூல் இரு தரப்பும் பேசி முடிவுசெய்த இடத்தில்தான் நடக்க வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை வராமல் போனால் மட்டுமே வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ ஆள் வரலாம். எடுத்த எடுப்பில் ஷூ கம்பெனி கேட்டுக்கு வர உரிமையில்லை.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. வீட்டுக்கு மாதம் 18,000 ரூபாய் வந்தால் எல்லாத் தவணையும் சேர்ந்து 9,000-க்குள் இருக்க வேண்டும். அதைக் கணக்குப் பார்க்காமல் அடுத்த லோனைத் தூக்கிக் கொடுப்பது கொடுத்தவரின் விதிமீறல். கூட்டத்தில் உற்சாகமாகச் சொன்ன பெரிய இலக்கைப் பிடித்துக்கொண்டு 'இன்னும் ஒரு லோன் போட்டுக்கோங்கக்கா' என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை நீங்களே முதலில் போட்டுப் பாருங்கள். விதிமீறல் நடந்திருந்தால் கடனே இல்லை என்று ஆகிவிடாது, கட்ட வேண்டிய பணம் கட்ட வேண்டியதுதான். ஆனால் உங்கள் மானம் அதற்கு ஈடாக வைக்கப்பட்ட பொருள் அல்ல.

எழுந்து போகவிடாமல் தடுத்து வைப்பது வெறும் விதிமீறலோடு நிற்பதில்லை, அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவில் 126-ம் பிரிவு வழிமறிப்பதையும், 127-ம் பிரிவு அடைத்துவைப்பதையும், 351-ம் பிரிவு மிரட்டுவதையும் தண்டிக்கின்றன. வலுக்கட்டாயமாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்கவே 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச்சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியது.

ஃபோனில் கிடைக்கும் உடனடி லோன் ஆப் இன்னும் மோசம். நீங்கள் யாருக்கும் சொல்லாமல் வாங்கிய கடனை அது ஊருக்கே சொல்லிவிடும். ஃபோனில் உள்ள எண்களை எல்லாம் உருவிக்கொண்டு, மாமியார் முதல் சூப்பர்வைசர் வரை செய்தி அனுப்புவதுதான் அதன் வசூல் முறை. படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பும் கும்பலும் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி, லோன் ஆப் உங்கள் தொடர்பு எண்களையோ, அழைப்புப் பட்டியலையோ, படங்களையோ தொடக்கூடாது. அவற்றைத் தொட அனுமதி கேட்கும் நொடியிலேயே அது ஏமாற்று ஆப் என்று புரிந்துகொண்டு நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். வந்த செய்திகளை அழிக்க வேண்டாம், அவைதான் சாட்சி.

சேமிப்பு இலக்கை வெளியே சொல்வதில் ஒரு தனி ஆபத்து, பணம் இருக்கிறது என்ற செய்தியும் கூடவே போவது. காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி, அதிக வட்டி ஆசை காட்டிப் பணம் திரட்டிய எல்.என்.எஸ். இன்டர்நேஷனல் ஃபைனான்சியல் சர்வீசஸ் மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது வேலூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட திட்டங்களுக்கு ஆள் பிடிப்பது பெரும்பாலும் தெரிந்த முகம்தான். பி.எஃப். பணம் எடுத்திருக்கிறேன், மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள்.

குடியை விடுவது தனி விஷயம். ஊரறியச் சபதம் செய்து, ஒரு நாள் சறுக்கி, ஊர் சிரிப்பதைத் தாங்காமல் முன்னைவிட அதிகமாகக் குடிக்கப் போனவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய குடிநோயாளர்களின் சுய உதவி அமைப்பு பெயர் வெளியிடாமையையே அடித்தளமாக வைத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. சொல்ல வேண்டும், ஆனால் அதே வலியை அறிந்தவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் போனால் சட்டமும் துணை நிற்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி சார்ந்த பாதிப்பையும் மனநோயில் சேர்க்கிறது, அதன் 23-ம் பிரிவு சிகிச்சை விவரங்களுக்கு ரகசியக் காப்பு தருகிறது. சில விதிவிலக்குகள் தவிர, ஆஸ்பத்திரி அதை வெளியே சொல்லக்கூடாது. வேலை போய்விடும் என்று பயந்து, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போகாமல் இருக்க வேண்டாம்.

இந்தப் பாலாற்றங்கரையில் ஊரறியச் சொல்லியே ஆக வேண்டிய வாக்குறுதிகளும் உண்டு. கழிவைச் சுத்திகரித்துத்தான் விடுவோம் என்று தோல் தொழிற்சாலைகள் சொல்ல வேண்டியது அப்படிப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்திய ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து, மாசுபடுத்தியவரே நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்றது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இழப்பீட்டையும் சீரமைப்பையும் கண்காணிக்க மறுபடி குழு அமைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு. ஊர்த் தண்ணீரைத் தொடும் ஆலையின் வாக்குறுதி ஊர்ச் சொத்து, அதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தன் சம்பளத்தில் மகளைப் படிக்கவைக்க நினைக்கும் தையல் தொழிலாளியின் இலக்கு அவளுடையது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது அவளுக்கும் சேர்த்துத்தான். ஆலையிடம் முப்பது ஆண்டு பொறுமை காட்டும் ஊர், இரண்டு தவணை விட்ட பெண்ணிடம் இரண்டு வாரம்கூடக் காட்டாதது எனக்குத் தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது.

தொந்தரவு தொடங்கிவிட்டால் என்ன செய்வது? வந்த ஆளின் பெயர், தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்பதை அன்றே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். லோன் விவரம் உள்ள கடன் அட்டை உங்கள் கையில் இருக்க வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கடன் கொடுத்த கம்பெனியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். அடைத்துவைத்தால், மிரட்டினால் அந்த 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவுப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் அதே பிரிவில் உண்டு, அது ஆண் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான். 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். போகும்போது கடன் அட்டை, எழுதிவைத்த நோட்டு, வேலை செய்யும் கம்பெனியின் அடையாள அட்டை மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.