மாடி வீட்டு அவரை

தாம்பரம் பக்கம் முடிச்சூரில் எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து தோட்டக் குழு வைத்திருக்கிறோம். சந்தா கிடையாது. ஆடி பிறந்ததும் அவரவர் வீட்டு விதையைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம், அவ்வளவுதான்.

பாகல் விதையை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு ஊன்றுங்கள். புடலையில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. "பூ கொட்டுதே, காய் பிடிக்கலையே"ன்னு புதுசா போட்டவங்க புலம்புவாங்க. அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதுதான் பெண் பூ. புடலை, பீர்க்கு இரண்டும் சாயங்காலம் பூக்கும். அப்போதே ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவின் நடுவே லேசாகத் தடவினால் காய் பிடிக்கும். நாட்டு அவரை மட்டும் பனிக்காலத்தில்தான் பூக்கும். பொறுமையில்லாமல் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள்!

2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டு அக்காவின் விதை டப்பா மூழ்கிவிட்டது. அவர் அம்மா கொடுத்த ஊதா ஓர அவரை, ஒரு விதை மிஞ்சவில்லை. பாத்திரம் பண்டம் போனதற்குக்கூட அக்கா அப்படி அழவில்லை. நல்லவேளை, அந்த ஆடியில் ஒரு பிடி வாங்கிப்போன எதிர்வீட்டுப் பெண் மொட்டை மாடியில் சாக்கில் போட்டிருந்தாள். மாசியில் நெற்று முற்றியதும் இருபது விதையை உரித்து அக்கா கையிலேயே கொடுத்தாள். இன்று பன்னிரண்டு வீட்டிலும் அந்த அவரைதான். சாம்பலில் புரட்டி வைப்பதால் வண்டும் அண்டுவதில்லை.

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும் ஒரு பிடி உண்டு. பதிலுக்கு வெண்டையோ கொத்தவரையோ கொண்டுவந்தால் சரி.

- வாசகி, முடிச்சூர்