கினிப்பன்றியும் அதன் பேன்களும்

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரிவுகளில் சில ஆயிரம் ஆண்டுகளாக உணவுக்கென்று வளர்க்கப்பட்டு, 16-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்து, அங்கே முதலில் சீமான் வீட்டுச் செல்லப் பிராணியாகவும் பின்னர் ஆராய்ச்சிச்சாலையின் சோதனைப் பிராணியாகவும் வாழ்ந்து, இன்று உலகெங்கும் குழந்தைகளின் பிரியத்துக்குப் பாத்திரமாகிவிட்ட கினிப்பன்றி, அந்த நெடிய கடற்பயணத்தைத் தனியாகச் செய்யவில்லை; அதன் ரோமத்தைப் பற்றிக்கொண்டு பேன்களும் உடன் வந்தன. முட்டையாக மயிரில் ஒட்டப்பெற்று, அதே மயிர்களின் நடுவே வளர்ந்து, அங்கேயே சந்ததி பெருக்கி மடிகின்ற இந்த ஜீவன், ஓர் உடலிலிருந்து அதை ஒட்டிக் கிடக்கும் மற்றோர் உடலுக்கு ஏறுவதைத் தவிர வேறு யாத்திரை எதையும் அறியாது. ஆகையால் பிராணி எங்கே சென்றதோ அங்கே பேனும் சென்றது.

இவற்றுள் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு இனங்கள். 'கிளிரிகோலா போர்செல்லை' என்பது மெலிந்து நீண்டது; 'கைரோபஸ் ஓவாலிஸ்' முட்டை வடிவினது. இரண்டும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமே உடையவை. நம் தலைப்பேன் இரத்தம் உறிஞ்சுவது. இவையோ தோலின் செதில்களையும் ரோமக்கால்களில் சுரக்கும் பசையையும் உண்டு வாழ்பவை. கினிப்பன்றியின் மெல்லிய மயிரை வளைத்துப் பற்றுவதற்கென்றே அமைந்த அவற்றின் கால்கள் மனிதத் தலையில் வாழ்வதற்கு உதவா. குழந்தையின் தலையில் பேன் கண்ட தாய்மார்கள் கூண்டிலுள்ள வாயில்லா ஜீவனின் மேல் பழி போடுவது நியாயமன்று.

காதின் பின்புறத்து மயிரை இரு விரல்களால் மெல்ல விலக்கி, நல்ல வெளிச்சத்தில் சிறிது நேரம் உற்று நோக்கினால், பொடுகென்று நாம் எண்ணிய வெண்துகள்களில் ஒன்று சட்டென நகர்ந்து மயிரடியில் மறையும். மயிர்த்தண்டில் ஒட்டிய ஈர், ஊதினாலும் உதறினாலும் விழாது. ஆரோக்கியமான கினிப்பன்றி தன் உடலைத் தானே கோதி இவற்றைக் கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. பேன் திடீரெனப் பல்கிப் பெருகியதென்றால், பிராணி வேறு ஏதோ காரணத்தால் நலிந்திருக்கிறதா என்றே முதலில் ஆராய வேண்டும். நம்மைப் போலவே வைட்டமின் சி-யைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ளும் சக்தியற்ற பிராணி இது; 1907-இல் நார்வே நாட்டு விஞ்ஞானிகளான ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் இதைக் கொண்டுதான் ஸ்கர்வி நோயின் காரணத்தை ஆராய்ந்தார்கள். பச்சைத் தீவனம் குறைந்து உடல் தளர்ந்தால் கோதிக்கொள்வதும் குறைகிறது. பேனுக்கு அதுவே யோக காலம்.

பேனைக் கண்டு பதறுபவர்கள், கண்ணுக்குப் புலனாகாத மெய்யான சத்துருவைக் காணாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதே என் கவலை. 'டிரிக்சாகாரஸ் கேவியே' என்னும் சிற்றுண்ணி, 1972-இல்தான் விஞ்ஞானிகளால் வர்ணிக்கப்பட்டது. மனிதர்களின் சிரங்குப்பூச்சிக்கு உறவான இது, தோலுக்குள் துளையிட்டுப் புகுந்து குடியிருக்கும். தோள்களிலும் முதுகிலும் தொடைகளிலும் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து மஞ்சள் பக்குக் கட்டி, தாங்கொணாத அரிப்பினால் பிராணி தன்னையே கீறிப் புண்ணாக்கிக்கொள்ளும். தொட்டாலே வலிப்புக் கண்டு துடிக்கும் அளவுக்கு அந்த வேதனை முற்றுவதுண்டு. கவனியாது விட்டால் மரணமும் நேரும். இதைப் 'பழக்கமாகச் சொறிகிறது' என்று எவரேனும் அலட்சியமாகச் சொல்லக் கேட்டால் மனம் பொறுப்பதில்லை. வெளிக்குத் தெரியாமல் பல மாதங்கள் அடங்கிக் கிடந்து, சினைக்காலத்திலோ இடமாற்றத்தின் அதிர்ச்சியிலோ இந்நோய் தலைதூக்கும். தூக்கி வைத்துக் கொஞ்சுபவர்களின் கையிலும் சில நாள் தடிப்பும் நமைச்சலும் தோன்றலாம். ஆனால் அது நம் தோலில் நிலைத்து வாழாது.

நாய்க்கும் பூனைக்கும் விற்கும் பேன்மருந்தைக் கினிப்பன்றியின்மேல் பூசுவது ஆபத்து; ஏறத்தாழ ஒரு கிலோ எடையே உள்ள இச்சிறு உடலுக்கு அளவு சற்று மிகினும் மருந்தே விஷமாகிவிடும். கால்நடை வைத்தியர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். அதில் உண்ணி அகப்படாவிட்டாலும் அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சை தொடங்குவதுண்டு. பெரும்பாலும் அவர் எடையறிந்து அளிப்பது ஐவர்மெக்டின். ஜப்பானியரான சத்தோஷி ஓமுரா தம் நாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிர் தந்த கொடை அது. 2015-இல் அவரும் வில்லியம் கேம்ப்பெல்லும் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அம்மருந்து முட்டையை அழிப்பதில்லை. பேன் முட்டையிலிருந்து முதிர்வதற்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடிப்பதால், புதிதாகப் பொரித்தவை முட்டையிடும் பருவத்தை எட்டுமுன்பே, வைத்தியர் குறித்த நாளில் மறுமுறை மருந்து கொடுக்க வேண்டும். நோயுற்ற ஒன்றுக்கு மட்டுமன்றிக் கூண்டில் உடனிருக்கும் அனைத்துக்கும் அதே நாளில் கொடுத்து, படுக்கை வைக்கோல் முழுவதையும் அகற்றிக் கூண்டைக் கழுவி உலர்த்த வேண்டும்.