தலைவர் இல்லாத ஊராட்சியில் யாரிடம் கணக்குக் கேட்பது?

தேனி மாவட்டத்தில் வராக நதிக்கரையில் இருக்கும் ஜெயமங்கலம் ஊராட்சியில் ஒரு தெருவின் குடிநீர் மோட்டார் எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்கப் பணம் எங்கிருந்து வரும்? "கவர்மென்ட் கொடுக்கும்" என்பதுதான் நம்மில் பலருடைய பதில். ஆனால் அது ஊராட்சிக் கணக்கிலிருந்து வர வேண்டிய பணம். நாம் கட்டும் வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கப்படும் 10 சதவீதத்திலிருந்து ஒரு பங்கும், மத்திய நிதிக்குழு மானியமும் அதோடு சேரும். யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கும் பணம் இல்லை இது. ஊருக்கு உரிமையான பணம்.

அந்த உரிமை 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தத்தில் இருக்கிறது. குடிநீர், சிறுபாசனம், சாலை, கிராம மின்வசதி, தொடக்கக் கல்வி, சுகாதாரம் என 29 துறைகளை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பதினோராவது அட்டவணை சொல்கிறது. 'ஒப்படைக்கலாம்' என்றுதான் சொல்கிறதே தவிர, கட்டாயமாக்கவில்லை. எவ்வளவு கொடுப்பது என்பதை மாநில அரசே முடிவு செய்கிறது. தினமும் ஜீப்பில் கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு, மாநிலத்துக்கு மாநிலம் இருக்கும் இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. குமுளிக்கு அந்தப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையமும் கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகமும் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. 1996-ல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, கேரள அரசு தன் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவெடுத்தது. மலைக்கு இந்தப் பக்கம் நம் ஊராட்சிக்கு மிஞ்சியது பெரும்பாலும் தண்ணீர், குப்பை, தெருவிளக்கு, தெருச்சாலை.

அந்தக் கொஞ்சத்தையும் நடத்த மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் வேண்டும். பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 243-இ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் நடந்ததோ வேறு. 1986-க்குப் பிறகு 1996-ல்தான் தேர்தல் வந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில். அந்த இடைவெளியில் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. 2020 ஜனவரி 6-ல் பொறுப்பேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தபோது, தேனி உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின.

தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒன்றியத்தின் ஊராட்சிகள் அத்தனைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே தனி அலுவலராகப் பொறுப்பு என்றால், எந்தத் தெருவில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தேர்ந்தெடுக்கப்பட்ட காலத்தில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும். ஏதாவது என்றால் வார்டு மெம்பரின் வீட்டுத் திண்ணைக்கே போய்ச் சத்தம் போடலாம். நாற்காலி காலியானதும் அந்தத் திண்ணையும் போய்விடுகிறது. முதலில் இழப்பவர்கள் இடஒதுக்கீட்டில் அந்த இடத்துக்கு வந்தவர்கள்தான். பெண்களுக்கு மட்டுமே பாதி இடங்கள். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தலை நடக்கவிடவில்லை. 2006-ல்தான் அந்த அநியாயம் முடிவுக்கு வந்தது. காலி நாற்காலி என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். அதற்குப் பதவிக்காலம் கிடையாது, அதைக் கலைக்கவும் முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேரும், அதற்கு மேல் உள்ள ஊராட்சியில் 300 பேரும் வந்திருக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் அந்தக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்.

அங்கே ஒன்றைக் கவனியுங்கள். நுழைந்ததுமே நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குவது பல ஊர்களில் வழக்கம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போடாதீர்கள். வருகைப் பதிவுக்கு என்றால் அந்தப் பக்கத்தில் 'வருகை' என்று இருக்க வேண்டும். தீர்மானம் என்றால் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. கடைசித் தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் இடம் விட்டிருந்தால் கோடு போடச் சொல்லுங்கள். அந்த வெற்றிடத்தில் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஊரே சம்மதித்ததாக ஆகிவிடும்.

கேள்வியும் குறிப்பாக இருக்கட்டும். ஊராட்சியின் முதல் கணக்கு பொதுநிதி. இரண்டாவது மின்கட்டணம், குடிநீர் வாரியக் கட்டணம் ஆகியவற்றுக்கு. மூன்றாவது திட்டப் பணிகளுக்கு. "பணம் என்னாச்சு?" என்றால் பதில் மழுப்பலாகத்தான் வரும். "முதல் கணக்கில் இந்த மூன்று மாதத்தில் மோட்டார் பழுதுக்கு எவ்வளவு எடுத்தீர்கள், எந்தத் தெரு மோட்டார்?" என்று கேட்டால் மழுப்ப முடியாது. ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தையும் நிதிக்குழு மானியச் செலவையும் 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொல்லி எடுத்துக்கொண்டு போங்கள்.

கூட்டத்தில் பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ரொக்கப் புத்தகம், வங்கிக் கணக்கு விவரம், வேலையின் மதிப்பீடு, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டாலும் ஐந்து நாளில் உரியவருக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு உண்டு; திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தேனியில் மனுக் கொடுக்கலாம். தண்ணீர், தெருவிளக்குப் புகார்களுக்கு 155340 என்ற 'ஊராட்சி மணி' எண் இருக்கிறது.

பயமுறுத்துவார்கள், வீட்டு வரி பாக்கியைக் கிளறுவார்கள் என்ற தயக்கம் எல்லாருக்கும் உண்டு. ஒருவராகப் போகாதீர்கள், தெருவுக்கு ஐந்து பேராகப் போங்கள். வரியைக் கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாமல் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொண்டு வாருங்கள்.