உங்களுக்குத் தெரியுமா? உண்ணாவிரதம் இருந்த பாலித் தீவுச் சிறுமிகள்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக 2013-இல் ஓர் இயக்கம் தொடங்கியது. தொடங்கியவர்கள் மெலாட்டி, இசபெல் வைசன் என்ற அக்காவும் தங்கையும். அக்காவுக்கு 12 வயது, தங்கைக்கு 10. மண்டேலா, டயானா, காந்தி போன்றோரைப் பற்றிப் பள்ளியில் நடந்த பாடம்தான் அவர்களுக்குப் பொறியானது.

கடற்கரைகளில் குப்பை பொறுக்கினார்கள். விமான நிலையத்துக்குள் அனுமதி வாங்கிப் பயணிகளிடம் கையெழுத்துத் திரட்டினார்கள். ஆளுநரைச் சந்திக்க மட்டும் வழி பிறக்கவில்லை.

அடுத்து அவர்கள் எடுத்தது காந்தியின் வழி. இந்தியா வந்தபோது காந்தி வாழ்ந்த வீட்டைப் பார்த்தது அவர்கள் மனத்தை விட்டு அகலவில்லை. உண்ணாவிரதம் இருப்பதென்று முடிவெடுத்தார்கள். வளரும் பிள்ளைகள் ஆயிற்றே! அதனால் உணவியல் நிபுணரின் ஆலோசனையோடு, சூரியன் உதித்தது முதல் மறையும் வரை மட்டும் பட்டினி. இரண்டே நாளுக்குள் ஆளுநர் அழைத்துப் பேசினார். பைகளை ஒழிக்க உறுதியளித்துக் கையெழுத்தும் இட்டார்.

உறுதிமொழி சட்டமாக 2019 ஆகிவிட்டது. பைகளோடு உறிஞ்சுகுழல்களும் தெர்மாகோலும் அந்தத் தடையில் சேர்ந்தன. அத்தனை ஆண்டுகளும் அந்தப் பிள்ளைகள் சோர்ந்துவிடவில்லை என்பதே என்னை நெகிழவைக்கிறது.